பகலில் மனு, இரவில் கேம்: சின்ன மெக்கானிக்கல் கீபோர்டுகளில் எதை வாங்கலாம்?

வேலூர் சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கும் தூரத்தில் எனக்கு ஒரு ஜாப் டைப்பிங் கடை. திங்கட்கிழமை குறைதீர்வு நாள் என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிவிட்டார் என்று மனு மேல் மனு வரும். சாயங்காலம் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி காந்தி நகர் வீட்டுக்குப் போனால், எங்களோடு தங்கி இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் அதை வாங்கிக்கொள்வான். இரவில் வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்று சுடும் கேம்கள்.

ஒரே கீபோர்டு இரண்டு பேருக்கும் சரிப்பட வேண்டும் என்று மூன்று வருடத்தில் நான்கு கீபோர்டு பார்த்துவிட்டோம். இணையத்தில் இருக்கும் அலசல்கள் எல்லாம் ஆங்கிலம் அடிப்பவரை மனத்தில் வைத்து எழுதியவை. தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. முழு கீபோர்டில் 104 விசைகள், அகலம் சுமார் 44 சென்டிமீட்டர். வலது கோடியில் உள்ள நம்பர் பேடை எடுத்துவிட்டால் 87 விசை, 36 சென்டிமீட்டர். இதை டிகேஎல் என்கிறார்கள். 75 சதவீதம் என்பதில் 84 விசை வரை இருக்கும், 32 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 65 சதவீதத்தில் எஃப் வரிசை கிடையாது. 67, 68 விசை. 60 சதவீதத்தில் அம்புக்குறிகளும் போய்விடும். 61 விசை, 29 சென்டிமீட்டர். எல்லாவற்றிலும் எழுத்து விசைகளின் இடைவெளி ஒன்றுதான், 19 மில்லிமீட்டர். சின்ன கீபோர்டில் விரல் நெருக்கியடிக்கும் என்று பயப்பட வேண்டாம்.

அண்ணன் மகனுக்கு ஏன் சின்னது வேண்டும்? வீட்டு மேசை இரண்டரை அடி. முழு கீபோர்டை வைத்தால் மவுஸுக்கு மிஞ்சுவது ஒரு முழத்துக்கும் குறைவு. சுடும் கேம்களில் மவுஸ் வேகத்தைக் குறைத்து வைத்து, கையை அகலமாக வீசித்தான் குறி பார்க்கிறார்கள். 60 சதவீதத்துக்கு மாறினால் 15 சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது. அவனுக்கு அது பெரிய லாபம். எனக்கும் ஒரு லாபம் உண்டு: மவுஸ் பக்கத்தில் வந்துவிடுவதால் வலது தோள் விரிந்து நிற்க வேண்டியதில்லை. சாயங்காலம் தோள்பட்டை வலி குறைந்தது உண்மை.

அதனால் முதலில் 60 சதவீதம்தான் வாங்கினோம், புளூ ஸ்விட்ச் (ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சில் ஒரு வகை) போட்டது. எழுத்துகளைப் பொறுத்தவரை குறையே இல்லை. தமிழ்99-இல் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசை போதும். 61-இல் தாராளமாக அடங்கும். (இதைவிடச் சின்னதாக 40 சதவீதம் என்று ஒன்று வருகிறது. அதில் சதுர அடைப்புக்குறி விசைகள் பெரும்பாலும் இருக்காது. ச, ஞ இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. தமிழுக்கு அது ஆகவே ஆகாது.) சிக்கல் திருத்தும்போது வந்தது. வேர்டில் பேக்ஸ்பேஸ் அடித்தால் "கொ"வில் கொம்பும் காலும் மட்டும் போய் "க" நிற்கும். டெலீட் அடித்தால் எழுத்து முழுதாகப் போகும். தமிழில் திருத்துகிறவருக்கு இரண்டும் வேண்டும். 60-இல் டெலீட், ஹோம், எண்ட், நான்கு அம்புக்குறி எல்லாமே எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு அடிப்பவை. எதிரில் மனுதாரர் நின்றுகொண்டு "ஊர் பேரு தப்பா இருக்குது சார்" என்று சொல்லும்போது, இரண்டு கையாலும் ஒரு அம்புக்குறியைத் தேடுவது பெரிய அவஸ்தை. மூன்று மாதம் பழகிப் பார்த்தேன். பழகவில்லை.

இதில் இன்னொரு வகை உண்டு. அதே 60 அளவில் அம்புக்குறிகளையும் நெருக்கி நுழைத்து 64 விசையாகக் கொடுப்பார்கள். அதற்காக வலது ஷிஃப்டைச் சாதாரண எழுத்து விசை அளவுக்கு வெட்டிவிடுவார்கள். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கை மேல் வரிசையில் ஷிஃப்டோடு வருபவை. முறையாகக் கற்றவர் அதற்கு வலது ஷிஃப்டைத்தான் அழுத்துவார். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து ஆட்களின் பெயர்களில் இந்த எழுத்துகள் வராத வரி குறைவு. நண்பர் கடையில் அந்த 64 விசைப் பலகையில் ஒரு பெயர்ப் பட்டியல் அடித்தேன். ஷிஃப்டுக்குப் போன சுண்டுவிரல் மேல் அம்புக்குறியில் விழுந்து, பெயரின் பாதி மேல் வரியில் போய் ஏறியது. சின்ன கீபோர்டு வாங்குகிறவர்கள் முதலில் வலது ஷிஃப்டின் நீளத்தைப் பாருங்கள்.

65 சதவீதம் இதற்கெல்லாம் நல்ல பதில். அம்புக்குறிகள் தனியாக, டெலீட் தனியாக, ஷிஃப்ட் போதுமான நீளம். வெறும் மனுவும் கடிதமும் அடிக்கிறவர், வீட்டில் கதை கட்டுரை எழுதுகிறவர் என்றால் 65-ஐயே சொல்வேன். அழகும் அதில்தான் இருக்கிறது. எனக்கு எக்ஸெல் வேலையும் உண்டு. கட்டத்துக்குள் திருத்த அடிக்கும் எஃப்2-க்கு ஒவ்வொரு முறையும் இரண்டு விசை அழுத்துவது எரிச்சல். இவனுக்கும் ஒரு குறை இருந்தது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறக்கும் விசை, எண் 1-க்கு இடப்பக்கம் இருப்பது. 60, 65 இரண்டிலும் அந்த இடத்தை எஸ்கேப் பிடித்துக்கொள்கிறது.

75 சதவீதத்தில் இந்த இரண்டு குறையும் தீர்ந்தன. 65-ஐவிட அகலம் ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. மேலே ஒரு வரிசை கூடுகிறது, அவ்வளவுதான். டிகேஎல் இன்னும் வசதி, விசைகள் குழு குழுவாகப் பிரிந்திருப்பதால் பார்க்காமலே கை போகும். ஒரே மேசையில் நிரந்தரமாக இருக்கப் போகிறது என்றால் அதை வாங்கலாம். என் ஸ்கூட்டர் பையில் அது குறுக்கே நிற்கிறது.

சரி, நம்பர் பேட்? இதை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். எண்களை வேகமாக அடிக்க மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன். நிலப் பத்திரத்திலும் மனுவிலும் சர்வே எண் 145/2 என்பது போல உட்பிரிவோடு வரும். தமிழ்99-இல் அந்தச் சாய்கோட்டு விசையில் உட்கார்ந்திருப்பது ழ. ஆகவே ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். என் கணினியில் நம்பர் பேடின் சாய்கோடு மொழி மாற்றாமலே விழுகிறது. கடையில் இப்போது 17 விசையுள்ள தனி நம்பர் பேட் ஒன்று கீபோர்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலது கையில் மவுஸ், இடது கையில் எண். பழக இரண்டு வாரம் ஆனது. அது கடையிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. பத்திர வேலை செய்கிறவர்கள் இந்தச் சேர்க்கையை யோசிக்கலாம்.

அடுத்து ஸ்விட்ச். இதில்தான் தமிழ் அடிப்பவரும் கேம் ஆடுபவரும் எதிர்பாராமல் ஒரே பக்கம் வந்து நின்றோம்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் மிஷினில் லோயர், ஹையர் முடித்தவன். அந்தச் சத்தம் காதில் இருப்பதால் புளூ ஸ்விட்சைத் தேடிப் போனேன். செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் ஸ்விட்ச் கணக்குப்படி புளூ 2.2 மில்லிமீட்டர் இறங்கியதும் பதிவாகும், 60 சென்டிநியூட்டன் அழுத்தம் வேண்டும், 'டிக்' என்று ஒலிக்கும். பிரவுன் 2 மில்லிமீட்டர், 55. விரலுக்கு ஒரு மேடு மட்டும் தெரியும், டிக் கிடையாது. ரெட் 2 மில்லிமீட்டர், 45. மேடும் இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு எல்லாம் இதே நிறக் கணக்கில் குறைந்த விலைக்குச் செய்கின்றன. நம் ஊர்ப் பட்ஜெட்டில் கைக்கு வருவது பெரும்பாலும் அவைதான்.

புளூவில் ஒரு சங்கதி இருக்கிறது. டிக் ஒலியைத் தரும் அதே பாகத்தால், விசை பதிவாகும் இடமும் விடுபடும் இடமும் ஒன்றாக இருக்காது. பதிவான இடத்தைவிட நன்றாக மேலே வந்தால்தான் அடுத்த அடி விழும். ஒரே விசையை இரண்டு முறை சடசடவென்று தட்டினால் இரண்டாவது தவறிப்போக வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து எப்போதாவது வரும். தமிழ்99-இல் க இரண்டு முறை அடித்தால் தானாகவே க்க ஆகிவிடும். த்த, ப்ப, ட்ட, ற்ற, ல்ல எல்லாம் அப்படியே. அதுதான் இந்த விசை அமைப்பின் பெரிய சுகம். நாள் முழுக்க இரட்டை அடி அடிக்கிறவனுக்குப் புளூ காலை வாருகிறது. "பட்டா" என்று வேகமாக அடித்து "படா" என்று விழுந்தது பல முறை. இவன் குறையும் அதே இடத்தில்தான்: விட்டு உடனே அழுத்தும் விசை பதியவில்லை என்பான். அப்புறம் சத்தம் வேறு. "சித்தப்பா, மைக்குல டிக்கு டிக்குன்னு கேக்குதாம், பசங்க திட்றாங்க" என்றான். நடுராத்திரியில் அடுத்த அறையில் அம்மா தூங்க வேண்டாமா? புளூவை மனமில்லாமல்தான் விட்டேன்.

ரெட் அவனுக்குப் பிடித்தது. எனக்கு விரல் சும்மா விசை மேல் ஓய்ந்தாலே எழுத்து விழுந்தது. பிரவுன் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. மேடு லேசானது, புளூவில் ஊறியவருக்கு முதலில் சப்பென்று இருக்கும். ஆனால் இரட்டை அடி தவறவில்லை. நாங்கள் கடைசியில் செய்தது இது: ஸ்விட்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகை வாங்கி, எல்லா இடத்திலும் பிரவுன், கேமில் நகர்வதற்கான நான்கு விசைகளில் மட்டும் ரெட். அவன் ஓடுவதற்கு அழுத்தும் அந்த நான்கும் தமிழ்99-இல் ஈ, அ, இ, உ. இடது கை உயிரெழுத்துகள் லேசாக இருப்பது எனக்கும் பிடித்துப்போனது.

இப்போது பையன்கள் எல்லாம் பேசுவது ஹால் எஃபெக்ட் ஸ்விட்ச் பற்றி. உள்ளே காந்தம், தொடுமுனை கிடையாது. எவ்வளவு ஆழத்தில் பதியவேண்டும் என்று மென்பொருளில் நாமே வைக்கலாம். ரேபிட் டிரிகர் என்ற வசதியில் விரல் துளி மேலே வந்தாலே விசை விடுபட்டுவிடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஓட்டத்தை நிறுத்தினால்தான் குண்டு நேராகப் போகும். அந்த நொடிக்கு இதைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. 2024-இல் ரேசர் நிறுவனம் ஸ்னாப் டேப் என்று, எதிரெதிர் விசைகளில் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் சர்வர்களில் அதைத் தடைசெய்தது. வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அவன் நண்பனிடமிருந்து ஒன்றை ஒரு வாரம் வாங்கி வந்தான். கேமுக்கு அது ஜெயித்தது, சந்தேகமே இல்லை. ஞாயிறு இரவு 0.2 மில்லிமீட்டரில் வைத்து ஆடியதை மாற்றாமல் திங்கட்கிழமை நான் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். உதவித்தொகை கேட்டு வந்த ஒரு அம்மாவின் மனுவில் "என் மகள்" என்று அடித்தது "என் மக்கள்" என்று விழுந்திருக்கிறது. க ஒரு முறை கூடுதலாகப் பதிந்ததால் வந்த வினை. இரண்டுமே சரியான சொல், பிழைதிருத்தி சிவப்புக்கோடு போடாது. அந்த அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்கு முன்னால் நான் ஒரு தடவை வாசித்துக் காட்டும் பழக்கம் இருந்ததால் பிடித்தேன். ஆழத்தை 2 மில்லிமீட்டரில் வைத்து, ரேபிட் டிரிகரையும் அணைத்தால் பிழை நிற்கிறது. டைப்பிங்குக்கும் கேமுக்கும் தனித்தனி அமைப்பும் சேமித்து வைக்கலாம். ஆனால் தினமும் காலையில் மாற்ற ஞாபகம் வேண்டும். ஊரார் மனுவில் அந்த ஞாபகத்தை நம்பி நான் இறங்கமாட்டேன். கேம் மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

சாதாரண ஸ்விட்சிலும் இதே பிழை வேறு வழியில் வரும். தொடுமுனையில் தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ ஒரு அடி இரண்டாகப் பதியும். கடை வாசலில் பெங்களூர் ஹைவே. லாரிப் புழுதி நிற்பதே இல்லை. எட்டு மாதத்தில் பழைய 60-இல் ட விசை இப்படிக் கெட்டு, "பாடு" எல்லாம் "பாட்டு" ஆனது. அது பற்றுவைத்த ஸ்விட்ச், கழற்ற முடியவில்லை. ஹாட்ஸ்வாப் என்றால் அந்த ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிது செருகலாம். நம் ஊருக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

விசையின் மேல் மூடி, அதாவது கீகேப், பிபிடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வேலூர்க் கத்திரியில் விரல் வியர்வை நிற்காது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் பளபளத்து வழுக்கும்.

எந்த அளவு, எந்த நிறம் வாங்கினாலும், திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் தமிழ்99-இல் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். "மகள்" ஐம்பது முறை, "பட்டா" ஐம்பது முறை, உங்கள் முழு வேகத்தில். முதலாவதில் ஒரு "மக்கள்" வந்தாலும், இரண்டாவதில் ஒரு "படா" வந்தாலும் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.