ரேஸ் ஓட்டப் பழைய மாருதி எஸ்டீமா, வாடகை ஃபார்முலா காரா?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ கார் ரேஸில் முதல் சீசன் ஓட்ட நினைக்கும் பலரும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

பணம்:
எஸ்டீம்: கார் மலிவு. ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் உலோகக் கூண்டு), பக்கெட் சீட், ஆறு பாயின்ட் பெல்ட், தீயணைப்பான் என்று சேரும்போது காரின் விலையைத் தாண்டிவிடும். அப்புறம் ஒவ்வொரு ரேஸுக்கும் டயர், பிரேக் பேட், காரை ஏற்றிச் செல்லும் லாரி வாடகை.
ஃபார்முலா எல்ஜிபி 4 (ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் கார்): ஒரு வார இறுதிக்கு ஒரே தொகை, மெக்கானிக்கும் டீமும் அதிலேயே அடக்கம். ஆனால் இடித்தால் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. கையெழுத்திடும் முன் உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும்.

உழைப்பு:
எஸ்டீம்: லேசாக உரசினால் டிங்கர் தட்டி எடுத்துவிடுவார். எஞ்சின் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.
ஃபார்முலா: எஞ்சின் 1.3 லிட்டர் ஸ்விஃப்ட்டினுடையதுதான். ஆனால் சக்கரங்கள் திறந்தே இருப்பதால் ஒரு உரசலில் சஸ்பென்ஷன் கம்பி வளைந்துவிடும்.

கற்றல்: இதில் ஃபார்முலாதான் மேல், சந்தேகமே இல்லை. எடை குறைவு என்பதால் ஸ்டீயரிங்கில் செய்யும் ஒவ்வொரு பிழையும் உடனே தெரியும்.

வருடத்துக்கு இரண்டு ரேஸ்தான் முடியும் என்றால் வாடகைக்கே போங்கள். கராஜும், ஸ்பேனர் பிடிக்கும் இரண்டு நண்பர்களும், மூன்று வருடப் பொறுமையும் இருந்தால் எஸ்டீம் வாங்குங்கள். ஹெல்மெட்டிலும் தீ தாங்கும் உடையிலும் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.