நெல்லா, அரபிடாப்சிஸா: பிஎச்.டி.க்கு எந்தச் செடி?

மூன்று வருடத்துக்கு முன் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை) கையில் இருந்தது, இரண்டு லேபில் இடமும் இருந்தது. ஒன்றில் நெல், இன்னொன்றில் அரபிடாப்சிஸ். நான் அரபிடாப்சிஸ் பக்கம் போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். இப்போது அதே இடத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தக விஷயங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துக் களைச்செடி, பூத்தண்டோடு சேர்த்து ஒரு சாண் உயரம். அதன் ஜீனோம், அதாவது முழு மரபணுத் தொகுப்பு, 2000-இல் வெளிவந்தது, நெல்லுடையது 2005-இல். இரண்டுக்கும் தரவுத்தளங்களுக்குக் குறைவில்லை. ஏதாவது ஒரு மரபணு மாறிப்போன விகாரிச் செடிகளின் விதை மட்டும் அரபிடாப்சிஸில் அதிகம் கிடைக்கும்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். நெல்லை விட்டுவிட்டு ஏதோ களைச்செடியை எடுக்கிறேன் என்றதும் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்விதான் எனக்குக் கணக்கைத் தெளிவாக்கியது. “அஞ்சு வருசத்துல எத்தனை போகம் எடுப்பே?”

ஃபெல்லோஷிப் ஐந்து வருடம்: ஜேஆர்எஃப் இரண்டு, எஸ்ஆர்எஃப் மூன்று. முதல் வருடத்தைக் கோர்ஸ் வொர்க் விழுங்கிவிடும். கடைசி வருடம் எழுதவே போய்விடும். செடியோடு இருக்க மிஞ்சுவது மூன்று வருடம். ஏடிடி 43 மாதிரி குறுகிய கால நெல்லுக்கே 110 நாள். அறுத்துக் காயவைத்து மறுபடி விதைக்க, வலைக்கூடத்தில் வருடத்துக்கு இரண்டு போகம், அடித்துப் பிடித்தால் மூன்று. அரபிடாப்சிஸ் விதையிலிருந்து விதைக்கு இரண்டு மாதம், மிஞ்சினால் இரண்டரை. அதே மூன்று வருடத்தில் இங்கே பதினைந்து போகம், அங்கே ஏழெட்டு.

மரபணு மாற்றம் என்று வந்தால் இடைவெளி இன்னும் கூடும். நெல்லில் உமி நீக்கிய விதையிலிருந்து கேலஸ் (உருவம் எடுக்காத திசுக்கட்டி) வளர்க்க வேண்டும், மரபணுவைச் சுமந்துபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை ஏற்ற வேண்டும், மருந்துத் தட்டில் மரபணு ஏறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தளிர் வரவைக்க வேண்டும், வேர் பிடிக்கவைக்க வேண்டும். முதல் செடி தொட்டிக்கு வரவே மூன்று நான்கு மாதம். நடுவில் பூஞ்சை வந்தால் முதலிலிருந்து. நம் ஊர் இண்டிகா ரகங்கள் கேலஸில் இருந்து செடியாவதற்கு ரொம்பவே அடம் பிடிக்கும். அப்புறம் இரண்டு தலைமுறை விதை எடுத்துத் தூய வரிசையை, அதாவது எல்லா வாரிசுக்கும் அந்த மரபணுவைக் கடத்தும் செடிகளை, பிரிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு வருடம் தாண்டிவிடும்.

அரபிடாப்சிஸில் திசு வளர்ப்பே கிடையாது. பாக்டீரியாவை ஐந்து சதவீதச் சர்க்கரைக் கரைசலில் கலந்து, ஒரு சொட்டு சில்வெட் (கரைசல் செடியில் பரவ உதவும் சோப்பு மாதிரித் திரவம்) விட்டு, தொட்டியைக் கவிழ்த்துப் பூங்கொத்தைச் சில விநாடிகள் முக்கி எடுத்தால் போதும். ஒரு மாதத்தில் விதை காயும். பொடி மாதிரி விதை, ஒரு கிராமில் சுமார் ஐம்பதாயிரம். அதை, மரபணு ஏறாத நாற்றை வெளுக்கவைக்கும் கானமைசின் மருந்துத் தட்டில் தூவிப் பத்து நாள் கழித்து முதல் முறை பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தட்டு முழுக்க வெளுத்துப்போன நாற்றுகள், நடுவில் ஒன்றே ஒன்று கரும்பச்சையாக, புது இலை விட்டு நின்றது. முக்கி எடுத்ததிலிருந்து எட்டு மாதத்தில் தூய வரிசை கைக்கு வந்துவிட்டது. அந்த மரபணு நான் நினைத்த வேலையைச் செய்யவில்லை என்று செடி வேலையின் முதல் வருட முடிவிலேயே தெரிந்துவிட்டதால், கேள்வியை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. நெல்லில் இதே பதில் மூன்றாம் வருடம் வந்திருக்கும்.

நெல் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை என்று பார்த்தால் நெல் படித்தவருக்கு விதை நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், ஐசிஏஆர் (மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி அமைப்பு) நிலையம் என்று கதவுகள் அதிகம். ஜீனோம் எடிட்டிங், அதாவது செடியின் மரபணுவிலேயே திருத்தம், செய்த டிஆர்ஆர் தான் 100, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற இரண்டு ரகங்களை 2025 மே மாதம் நம் நாட்டிலேயே அறிவித்தார்கள். அந்த மாதிரி வேலைதான் கனவு என்றால் நெல்லோடு பழகித்தான் ஆக வேண்டும். காலக் கணக்குதான் இடிக்கிறது என்றால் கிடாகே என்ற ஜப்போனிகா ரகம் இருக்கிறது, கிட்டத்தட்ட பத்து வாரத்தில் கதிர் முற்றிவிடும். நான் அதை வளர்த்ததில்லை, பக்கத்து லேப் அக்கா வளர்த்ததைப் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். வயல் பரிசோதனையிலும் எனக்கு அனுபவம் கிடையாது. அதைப் பற்றி நெல்காரர்களிடமே கேளுங்கள்.

அரபிடாப்சிஸின் உண்மையான தொல்லை வெப்பம். அதற்கு 22 டிகிரி வேண்டும். போன கோடையில் எங்கள் குரோத் ரூம் ஏசி ஒரு வெள்ளிக்கிழமை இரவு நின்றுபோய், திங்கள் காலைதான் பார்த்தோம். பூவெல்லாம் இருந்தது, காய் பிடிக்கவில்லை. ஒரு போகம் போயிற்று. இரண்டு மாதத்தில் மறுபடி எடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அதனால் சேரும் முன், முடிந்தால் மே மாதத்தில், அந்த லேபின் குரோத் ரூமுக்குள் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். தெர்மாமீட்டரில் 22 இருந்தால் தைரியமாக அரபிடாப்சிஸ் எடுங்கள். 28 இருந்தால் நெல்லுக்குப் போய்விடுங்கள், அதற்கு 28 சுகமான வெப்பம்.