தேக்கில் காடி வெட்ட ரவுட்டர் பிளேன்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

அலமாரித் தட்டின் முனை உட்காரும் பள்ளத்தை, அதாவது காடியை, கையாலேயே வெட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாங்கோனில் கரண்ட் வரும் நேரத்தை நம்பி வேலையை ஒப்புக்கொள்ள முடியாது. மின்சார ரவுட்டர் மூலையில் கிடக்கிறது. பல வருடமாகக் கையில் இருப்பது ஸ்டான்லி 71ஆம் எண் வகை ரவுட்டர் பிளேன், கையால் ஓட்டும் ஒருவகை இழைப்புளி. வார்ப்பிரும்பு அடி, இரண்டு மரப்பிடி, நடுவில் கொக்கியாக வளைந்த பிளேடு, அவ்வளவுதான்.

ஆனால் காடி இறுக்கமாக அமைவதற்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தமே இல்லை. இது காடியின் அடிப்பரப்பை மட்டும்தான் சமன் செய்யும். இறுக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டு பக்கச் சுவர்கள். சுவரைத் தீர்மானிப்பது கத்திக் கோடு. நான் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. மூலைமட்டம் பிடித்து முதல் கோட்டைக் கீறிவிட்டு, அலமாரித் தட்டையே அந்தக் கோட்டோடு நிறுத்தி மறுபக்கத்தைக் குறிப்பேன். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, அதை நம்பக் கூடாது. கோடுகள் ஆழமாக விழுந்ததும் கழிவுப் பக்கத்திலிருந்து உளியால் சரிவாகச் சீவினால், ரம்பம் வழுக்காமல் போய் உட்காரும். பலகை அகலமாக இருந்தால் ஒரு சட்டத்தை கிளாம்ப் போட்டு அதை ஒட்டி அறுப்பது நல்லது.

ஆழம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 6. உளியால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி வெட்டி, பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவேன். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறு ஓரம் பிய்ந்துவிடும். அதற்கப்புறம்தான் ரவுட்டர் பிளேன். பிளேடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இதையும் இரு ஓரத்திலிருந்தே ஓட்ட வேண்டும்.

இதன் உண்மையான பலன் கடைசி ஓட்டத்தில் இருக்கிறது. பிளேடு ஆழத்தை மாற்றாமல் இடது பக்கப் பலகை, வலது பக்கப் பலகை எல்லாக் காடிகளையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிளேனின் அடி, பலகையின் மேல்பரப்பிலேயே ஊர்வதால் எல்லாம் ஒரே ஆழம். தட்டுகளையும் ஒரே நீளத்தில் அறுத்தால் அலமாரி கோணாமல் நிற்கும். உளியை மட்டும் நம்பினால் இதற்குப் பாதி நாள் போய்விடும்.

தொல்லைகளும் உண்டு. தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். பிளேடு வளைந்திருப்பதால் சாணைக்கல்லில் சாதாரண உளிபோலத் தீட்ட முடியாது. கல்லை மேஜை விளிம்பில் வைத்து, பிளேடின் தண்டு வெளியே தொங்கும்படி பிடித்துத் தீட்ட வேண்டும். முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும். இடித்த பழைய வீடுகளின் தேக்கைத்தான் நான் அதிகம் வாங்குகிறேன். நன்றாகக் காய்ந்த மரம், ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தைப் பலகைமேல் ஓட்டிப் பார்க்காமல் பிளேடை இறக்காதீர்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காடியின் அகலம் பக்கப் பலகையின் மர ரேகை ஓடும் திசையில் இருப்பதால் அது ஈரத்துக்கு அநேகமாக மாறாது. தட்டின் கனம் மாறும். ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் காய்ந்த பலகையில் கச்சிதமாக வெட்டியது, ஜூலை மழையில் இன்னும் இறுகும். மழையில் வெட்டியதோ தை மாசியில் லேசாக ஆடும். தேக்கில் இது தாள் கனம்தான், ஷான் மாநிலத்துப் பைன் மரத்தில் கண்ணுக்கே தெரியும். அதனால் மழைக்காலத்தில் பைன் தட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாகவே வெட்டுகிறேன்.

பசையை மட்டும் நம்ப வேண்டாம். தட்டின் வெட்டுமுனை பசையை நன்றாகப் பிடிக்காது, தேக்கின் எண்ணெய் வேறு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, கீழிருந்து சாய்வாக ஒரு ஸ்குரூவும் போடுகிறேன்.

வாங்கலாமா? வருடத்துக்கு ஒரு அலமாரி செய்பவருக்குத் தேவையில்லை. ஒரு மரக்கட்டையில் சாய்வாகத் துளையிட்டு, குறுகிய உளியை ஆப்பு வைத்து இறுக்கினால் அதே வேலையை மெதுவாகச் செய்யும். ஆழத்தை மாற்ற ஆப்பைத் தட்டித் தளர்த்த வேண்டியிருக்கும், அதுதான் வித்தியாசம்.