நாள்பட்ட இடுப்பு வலி: டென்ஸ் கருவியா, உடலுக்குள் பொருத்தும் தூண்டியா?

பிசியோதெரபி நிலையங்களில் ‘கரன்ட் வைப்பது’ என்று அறியப்படும், தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவியும், தண்டுவடத்தருகே மின்கம்பி வைத்து மின்துடிப்பு தர அறுவை மூலம் பொருத்தப்படும் தண்டுவடத் தூண்டியும் ஒரே கருத்தின் வழிவந்தவை. தொடு உணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்தனர். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஷீலி முதல் தண்டுவடத் தூண்டியைப் பொருத்தினார்.

டென்ஸின் பலம் அதன் எளிமை. விலை குறைவு, வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஆபத்தும் சொற்பம். பலன்தான் கேள்விக்குரியது. மின்சாரமே பாயாத போலிக் கருவியுடன் ஒப்பிட்டு 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில் டென்ஸ் மேலானதாகத் தெரியவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஒட்டியிருக்கும் நேரத்தில் வலி தணிந்து, அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்ய முடிகிறவர் இதை வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து.

பொருத்தும் தூண்டியின் கதை சிக்கலானது. வழக்கமான தூண்டியைவிட, மதமதப்பு உணர்வு தராத 10,000 ஹெர்ட்ஸ் தூண்டி கூடுதல் நிவாரணம் தருவதாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் தமக்கு எது பொருத்தப்பட்டது என்பதை நோயாளிகள் அறிந்திருந்தனர். நார்வேயில், முதுகு அறுவைக்குப் பின்னும் கால்வரை வலி பரவிய 50 பேரிடம், வேறொரு வகைத் தூண்டியை அவர்கள் அறியாமலேயே இயக்கியும் நிறுத்தியும் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அன்றாட இயக்கத்திலும் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாக மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வும் இடுப்பு வலிக்கு இதனால் நீடித்த நன்மை இருப்பதாகக் காணவில்லை. கிருமித்தொற்று, மின்கம்பி இடம்பெயர்தல், மறு அறுவை ஆகிய தொல்லைகளோ நிஜமானவை. நரம்பு பாதிப்பால் வரும் தீராத வலிக்கு நைஸ் 2008இலேயே இதைப் பரிந்துரைத்திருக்கிறது. அந்த அனுமதியைக் காட்டி எல்லா இடுப்பு வலிக்கும் விற்பது நியாயமல்ல.

முதுகெலும்பைத் தாங்கும் மல்டிஃபிடஸ் தசையை நரம்பு வழியே சுருங்கவைக்கும் ரியாக்டிவ்8 என்ற மூன்றாவது வகை, 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் முதன்மை ஆய்வில், 120 நாள் முடிவில் போலித் தூண்டலுடனான வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை.

நிரந்தரப் பொருத்தலுக்கு முன் சில நாள் தற்காலிகக் கம்பியால் சோதித்து, வலி பாதியாகக் குறைந்தால் மேலே செல்வது வழக்கம். கருவி நிறுத்தப்பட்டதை அறியாமலேயே நிவாரணம் உணர்பவரை அந்தச் சோதனையால் பிரித்தறிய முடியாது என்பதை மருத்துவரிடம் பேசும்போது நினைவில் வைத்திருப்பது நல்லது.