கிரிஷாமா, டுரோவா: நீதிமன்ற நாவலில் எதை முதலில் எடுப்பது?

நீதிமன்றத் திகில் நாவல்களில் கால்வைக்க நினைப்பவர் முதலில் வந்து நிற்கும் சந்தி இதுதான்: ஜோன் கிரிஷாமா, ஸ்கொட் டுரோவா? மட்டக்களப்பில் இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் கைமாறிக் கைமாறித்தான் கிடைக்கின்றன. கொழும்புக்குப் போனவர் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி வந்தது, வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் விட்டுப்போனது என்று. அகப்பட்டதை வாசிப்பதே வழக்கம் என்பதால் தேர்வு என்ற பேச்சு குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால் என் தீர்ப்பு இப்படி: முதலில் வாசிக்க வேண்டியது கிரிஷாமின் ‘த ரெயின்மேக்கர்’. இவற்றில் ஆகச் சிறந்தது டுரோவின் ‘பிரிசியூம்ட் இன்னசென்ட்’. அதை முதலில் எடுத்தால் பாதியில் மூடிவைக்கும் ஆபத்து உண்டு.

இருவருமே சட்டத்தரணிகள். டுரோ சிக்காகோவில் மத்திய அரசின் வழக்குத்தொடுநராக வேலை பார்த்தபடி, வேலைக்குப் போய்வரும் ரயிலில் எழுதிய நாவல் 1987இல் வெளிவந்தது. கிரிஷாம் மிசிசிப்பி மாநிலத்தில் சிறு நகரச் சட்டத்தரணி. மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்தவர். 1989இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘எ டைம் டு கில்’ 5,000 பிரதிகள்தான் அச்சாகியது. 1991இல் ‘த ஃபேர்ம்’ வந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஒருவர் அரச தரப்பில் நின்று நீதிமன்றத்தைப் பார்த்தவர், மற்றவர் கட்சிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். இந்த வேறுபாடு இரண்டு நாவல்களின் எலும்புவரை இறங்கியிருக்கிறது.

‘த ரெயின்மேக்கர்’ 1995இல் வந்தது. கொலை வழக்கு அல்ல, காப்புறுதிப் பணம் பற்றிய வழக்கு. வீடு வீடாகப் போய் விற்ற காப்புறுதி, கிழமைக்குக் கிழமை கட்டும் தவணை. மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது நிறுவனம் கையை விரித்துவிடுகிறது. மறுபடி மறுபடி கேட்ட தாய்க்குக் கடைசியாக வரும் கடிதம், நீ முட்டாள் என்பதை ஒரே வரியில் மூன்று தடவை சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடப் போகிறவன், சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்த, சட்டைப்பையில் காசில்லாத ரூடி பேய்லர்.

இந்தக் கதை இங்கே எடுபடுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நுண்கடன் வசூலிக்கும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் எந்த ஒழுங்கைக்குள் எந்தக் கிழமை வரும் என்று ஆரையம்பதியிலும் வவுணதீவிலும் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஆங்கிலத்தில் வந்த கடிதமொன்றை நீட்டி, “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க மரியாதை. இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், பதினான்கு நாள் கெடு. அவருடைய பெயரைக்கூடப் பிழையாக எழுதியிருந்தார்கள். கிரிஷாமின் நாவலில் அந்தக் கடிதம் ஜூரிகள் முன்னால் வாசிக்கப்படும் இடத்துக்கு வந்தபோது இந்த அக்காவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நிறுவனத்தின் உள் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மறுப்பதற்கென்றே அங்கே ஒரு முறை வகுத்து வைத்திருப்பதை வெளியே இழுக்கும் அத்தியாயங்களை எந்தத் துப்பறியும் கதையோடும் போட்டிக்கு விடலாம்.

குறை இல்லாமல் இல்லை. கிரிஷாமின் கெட்டவர்கள் முதல் பக்கத்திலேயே கெட்டவர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கோட்டு விலையைச் சொல்லியே அவரை வெறுக்க வைத்துவிடுவார். இடையில் வரும் காதல் கதை பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது மரியாதை.

டுரோவிடம் இந்தச் சலுகை கிடையாது. வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ரஸ்டி சபிச், கூட வேலை செய்த பெண்ணின் கொலையை விசாரிக்கப் போய், தானே எதிரிக் கூண்டில் நிற்கிறான். அந்தப் பெண்ணோடு அவனுக்கு உறவு இருந்தது. அதை உரிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் அவன். நேற்றுவரை யாரை எப்படி மடக்குவது என்று திட்டம் போட்ட அலுவலகமே இன்று அவனை மடக்கத் திட்டம் போடுகிறது. கைரேகை பதிந்த கண்ணாடிக் குவளை ஒன்று சான்றுப்பொருள் அறையில் இருந்து காணாமல் போகிறது. அது கவனக்குறைவா, கைவரிசையா?

இரண்டு நாவல்களுமே நிகழ்காலத்தில், ‘நான்’ என்ற குரலில் சொல்லப்படுகின்றன. பலன் நேர் எதிர். ரூடி மனதில் பட்டதை எல்லாம் நம்மிடம் கொட்டிவிடுகிறான். ரஸ்டியும் நிறையப் பேசுகிறான், ஆனால் செய்தானா இல்லையா என்ற ஒரே ஒரு வரியை மட்டும் தள்ளித் தள்ளி வைக்கிறான். வாசகர் அவனை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் ஜூரி இருக்கையில் உட்கார வேண்டியதுதான். அவனுக்காக வாதாடும் சாண்டி ஸ்டேர்ன், என் கணக்கில், இந்த வகை நாவல்களிலேயே சிறந்த சட்டத்தரணி. குரலை உயர்த்துவதே இல்லை. சட்ட மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யும் இடத்தில், பணிவாகக் கேள்வி கேட்டுக் கேட்டே மனிதரைத் தன் அறிக்கையோடு தானே மோத வைக்கிறார். நான் கொழும்பு போகும் உதயதேவி ரயிலில் அந்த அத்தியாயத்தைத் தொடங்கி, வெலிக்கந்தை எப்போது கழிந்தது என்றே தெரியாமல் இருந்தேன்.

ஆங்கிலம்தான் இங்கே தடை. கிரிஷாமின் வசனங்கள் குட்டையானவை. உயர்தரத்தில் படிக்கும் ஒருவர் அகராதி இல்லாமல் ஓட்டிவிடலாம். டுரோ ஒரு பந்தியில் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் அடைப்பார். முதல் நூறு பக்கம் பொறுமை கேட்கும்.

‘எ டைம் டு கில்’தான் கிரிஷாமின் சிறந்த நாவல் என்பவர்கள் உண்டு. பத்து வயதுக் கறுப்பினச் சிறுமியைச் சிதைத்த இரண்டு வெள்ளையரை, அவளுடைய தகப்பன் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்கிறான். அவனுக்காக வாதாடும் ஜேக் பிரிகன்ஸ், இந்த மாவட்டத்தில் நியாயமான ஜூரி கிடைக்காது, வழக்கை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்கிறான். நீதிபதி மறுக்கிறார். வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி அமைகிறது. இந்தப் பகுதியை இங்கே இருந்து வாசிப்பது வேறு விதமான அனுபவம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலந்தனையில் 1992இல் 35 பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கு, இங்கிருந்து பொலநறுவைக்கும் பின்னர் கொழும்புக்கும் மாற்றப்பட்டு, 2002இல் ஜூரிகள் இராணுவத்தினரை விடுவித்ததோடு முடிந்தது. வழக்கு எங்கே நடக்கிறது, யார் ஜூரி இருக்கையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வெறும் நடைமுறை விடயம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர முடியாது. கிரிஷாம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் தகப்பன் செய்தது சரியா என்ற கேள்வியை மட்டும் அவர் நேராக எதிர்கொள்ளவில்லை. நம் கோபத்தையே வாதமாக்கிக்கொண்டு தப்பிவிடுகிறார். அதனால்தான் இதை மூன்றாவதாக வைக்கிறேன்.

தப்பாதவர் ஒருவர் இருக்கிறார். 1958இல் வந்த ‘அனட்டமி ஒஃப் எ மேர்டர்’ நாவலை ரொபர்ட் டிரேவர் என்ற புனைபெயரில் எழுதியவர் ஜோன் வோல்கர், மிச்சிகன் மாநில உயர் நீதிமன்ற நீதிபதி. முன்பு வழக்குத்தொடுநராக இருந்து, பிறகு தானே எதிரிக்காக வாதாடிய வழக்கொன்றுதான் கதைக்கு அடிப்படை. நாவலில் சட்டத்தரணி, கட்சிக்காரன் தன் கதையைச் சொல்ல முன்பே கொலைக்குச் சட்டம் எந்தெந்த எதிர்வாதங்களை ஏற்கும் என்று பாடம் நடத்துகிறார். பிறகு “இனிச் சொல்” என்கிறார். பொய் சொல்லச் சொல்லவே இல்லை. அந்தச் சில பக்கங்களின் துணிச்சலுக்காகவே, பெண்களைப் பற்றிய அதன் பழைய பார்வையைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கலாம். புத்தகம் விற்றுத் தள்ளியதும் மனிதர் நீதிபதி பதவியை விட்டுவிட்டு எழுதவும் மீன் பிடிக்கவும் போய்விட்டார். வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த முடிவை விளக்க வேண்டியதில்லை.

மைக்கல் கொனலியின் ‘த லிங்கன் லோயர்’ (2005) வேகத்துக்கு. காரின் பின் இருக்கையையே அலுவலகமாக்கிக்கொண்ட சட்டத்தரணிக்கு, கட்டணம் கட்ட முடியாத கட்சிக்காரனே சாரதி. ஒரு பஸ் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இரண்டாம் முறை வாசிக்க மட்டும் அவ்வளவாக ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் ஏதும் இல்லையா என்று கேட்பவர்கள் உடனே சுஜாதாவின் கணேஷ், வசந்தைக் காட்டுவார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் பெயருக்குத்தான் வக்கீல்கள். நீதிமன்றப் படி ஏறுவதைவிடத் துப்புத் துலக்குவதுதான் அதிகம். அந்த இருவருக்காக வாசியுங்கள், வழக்குக்காக அல்ல.

டுரோவை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2010இல் வந்த ‘இன்னசென்ட்’ அதே ரஸ்டியின் தொடர்ச்சி. அது முதலில் கையில் அகப்பட்டால் திறக்காமல் ஓரமாக வையுங்கள். ஹரிசன் ஃபோர்ட் நடித்த 1990ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் புத்தகம் முடிந்த பிறகு பாருங்கள். 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கொலையாளியையே மாற்றிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு முடிவு தெரியும் என்று சொல்பவரிடம் நாவலைத் தயங்காமல் கொடுக்கலாம்.