கலந்தது எது? ராட்டர்டாமின் மூன்று கட்டடங்கள்

கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே வீடு. கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம் என்றதும் நம் மனதில் வரும் படம் இதுதான். ஹோட்டல், ஜிம், தியேட்டர், பார்க்கிங் என்று பட்டியல் நீள நீள, கலவையும் பிரமாதமாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். எனக்கு அந்தப் பட்டியலில் அக்கறை குறைவு. மேலே குடியிருப்பவரும் கீழே கடை வைத்திருப்பவரும் எந்த இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்? கட்டடத்தோடு எந்த உறவும் இல்லாத பக்கத்துத் தெருக்காரருக்கு உள்ளே வர ஒரு காரணம் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்துக்குப் போகலாம்.

ஏன் ராட்டர்டாம்? 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் அதன் நகர மையம் அழிந்தது. மிஞ்சிய பழங்கட்டடங்கள் கொஞ்சம்தான். அதனால் புதிதாகக் கட்டிப் பார்க்க அந்த ஊர் தயங்குவதில்லை. ஆறே ஆண்டு இடைவெளியில் அங்கே மூன்று வேறு வேறு வழிகளில் கலப்புக் கட்டடங்கள் எழுந்தன. டி ராட்டர்டாம் (2013) அடுக்கிப் பார்த்தது. மார்க்ட்ஹால் (2014) வளைத்துப் பார்த்தது. ஃபெனிக்ஸ் 1 (2019) பழைய கிடங்கின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

முதலில் உயரமானது. மாஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் வில்ஹெல்மினா துறையிலிருந்துதான் ஒருகாலத்தில் ஹாலந்து அமெரிக்கா லைன் கப்பல்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. துறைமுக வேலை கடலை நோக்கி நகர்ந்துவிட, துறை வெறிச்சோடியது. 1996-இல் எராஸ்மஸ் பாலம் திறந்தது, அடுத்த ஆண்டு மெட்ரோ நிலையம் வந்தது. தென்கரை திடீரென்று நகர மையத்துக்குப் பக்கத்து வீடானது. கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் ஓஎம்ஏ நிறுவனம் டி ராட்டர்டாமை வரையத் தொடங்கியதும் 1997-இல்தான். ஆனால் கட்டுமானம் தொடங்க 2009 கடைசி ஆகிவிட்டது. உலகமே கடன் நெருக்கடியில் இருந்த நேரம். அலுவலகத் தளங்களில் ஒரு பெரிய பங்கை மாநகராட்சியே வாடகைக்கு எடுத்ததால்தான் கணக்கு நேரானது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல பயன்பாடுகளைக் கலந்தால் நஷ்ட அபாயம் பிரிந்துவிடும் என்பது கட்டுநர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். இங்கே அந்தக் கலவைக்கே ஒரு பெரிய வாடகைதாரர் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

44 மாடி, சுமார் 150 மீட்டர் உயரம், 1,60,000 சதுர மீட்டருக்கு மேல் தளப்பரப்பு. ஒட்டி நிற்கும் மூன்று கோபுரங்கள் பாதி உயரத்தில் கொஞ்சம் இடம் மாறி நிற்கும். அவசரத்தில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் போல. மேற்குக் கோபுரத்தில் 240 வீடுகள், கிழக்கில் 280 அளவில் ஹோட்டல் அறைகள், மற்றவற்றில் அலுவலகங்கள். எல்லா வரவேற்புக் கூடங்களும் அடித்தளத்து நீண்ட மண்டபம் ஒன்றில் சேர்கின்றன. சந்திப்பு அங்கேதான் நடக்க வேண்டும் என்பது திட்டம். நடைமுறையில், ஒவ்வொரு கூட்டமும் தன் லிஃப்டை நோக்கித் திரும்பும் இடமும் அதுதான். இவ்வளவு உயரத்தில் பாதுகாப்பு, தீயணைப்பு, லிஃப்ட் எல்லாமே தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லும். வீட்டுக்காரர் ஹோட்டல் தளத்தில் இறங்க முடியாது, அலுவலகக்காரருக்கு வீட்டு மாடியில் வேலை இல்லை. செங்குத்து நகரம் என்று பெயர் வைத்தார்கள். செங்குத்து சரிதான். நகரம் என்றால் வழி தவறி வேறு தெருவில் போய் நிற்கவும் முடிய வேண்டும் அல்லவா?

பழைய கப்பல்களின் பெயரைத்தான் இந்தக் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள். 1959-இல் முதல் பயணம் போன எஸ்எஸ் ராட்டர்டாம் கப்பலே 2008 முதல் அருகில் காட்டன்ட்ரெக்ட் கரையில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதிலும் ஹோட்டல், உணவகம், சுற்றிப் பார்க்க எந்திர அறை எல்லாம் உண்டு. கலப்புப் பயன்பாட்டில் அதையும் சேர்த்தால் போட்டி நாலாகிவிடும். விட்டுவிடுவோம்.

மார்க்ட்ஹால் நேர் எதிர்த் துருவம். எம்விஆர்டிவி என்ற கட்டடக் கலை நிறுவனம் வரைந்த இந்தக் கட்டடத்தை 2014 அக்டோபர் 1 அன்று ராணி மாக்சிமா திறந்துவைத்தார். குதிரை லாடம் போன்ற வளைவு. நீளம் 120 மீட்டர், அகலம் 70, உயரம் 40. அந்த வளைவின் தடிமனுக்குள் 228 வீடுகள், வளைவுக்கு அடியில் நூறளவில் சந்தைக் கடைகள், நிலத்துக்கடியில் சூப்பர் மார்க்கெட்டும் 1,200 கார்களுக்கு இடமும். வெற்று மேற்கூரை போட்டு அதற்குச் செலவழிப்பதைவிட, வீடுகளையே கூரையாக்கி விற்றால் சந்தை மண்டபத்துக்கான செலவு ஈடாகும் என்பது யோசனை. மூன்றிலும் கெட்டிக்காரத்தனமான யோசனை இதுதான் என்பேன்.

அதைச் செய்து காட்டுவது லேசில்லை. நெதர்லாந்துச் சட்டப்படி வாழ்கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இயற்கை வெளிச்சம் வேண்டும். அதனால் அவை வெளிப்பக்கம் போயின. சமையலறை, சாப்பாட்டு இடம், சாமான் அறை போன்றவை சந்தைப் பக்கம் வந்தன. மீன் வாடையும் இரைச்சலும் வீட்டுக்குள் ஏறாமலிருக்க, சந்தையைப் பார்க்கும் ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. ஆக, மேலிருந்து சந்தையைப் பார்க்கலாம். கேட்க முடியாது, முகர முடியாது. உட்கூரை முழுவதும் 11,000 சதுர மீட்டருக்குப் பழமும் காய்கறியும் மீனும் வண்ணப்படமாகத் தொங்குகின்றன. ஆர்னோ கூனன், ஐரிஸ் ரோஸ்காம் இருவரின் வேலை. அண்ணாந்து பார்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. அண்ணாந்து படம் எடுப்பவர் கிழங்கு வாங்குவதில்லை. காய்கறிக்கும் மீனுக்கும் என்று தொடங்கிய கடைகளில் பல, நின்றபடி சாப்பிடும் பண்டங்களுக்கு மாறின. வாரத்துக்கு வேண்டிய காய்கறி வாங்குபவர்கள் வாசலுக்கு வெளியே பின்னன்ரோட்டே திறந்தவெளிச் சந்தைக்கே போகிறார்கள். செவ்வாயும் சனியும் கூடும் அந்தச் சந்தைக்கு வேண்டியது தார்ப்பாயும் இரும்புக் கம்பியும்தான்.

இருந்தாலும் மார்க்ட்ஹாலை நான் தள்ளிவிட மாட்டேன். என் இரண்டாவது கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது. உள்ளே வர யாருக்கும் சாவி வேண்டாம், மழைக்கு ஒதுங்கலாம். பிளாக் ரயில் நிலையம் அருகிலேயே. எதிரே கட்டடக் கலைஞர் பீட் ப்ளோமின் சாய்ந்த கனசதுர வீடுகள், சற்றுத் தள்ளி, குண்டுவீச்சில் குற்றுயிராகிப் பிறகு சீரமைத்த லாரன்ஸ் தேவாலயம். நடுவே வெறுமையாகக் கிடந்த இடத்துக்கு ஒரு கூடம் கிடைத்தது. முதல் கேள்வியில்தான் தோற்கிறது: வீட்டுக்காரருக்குச் சந்தை ஒரு காட்சி, சந்தைக்காரருக்கு வீடு ஒரு கூரை.

மூன்றாவது ஃபெனிக்ஸ் 1. இதற்குக் காட்டன்ட்ரெக்ட் பற்றித் தெரிய வேண்டும். வில்ஹெல்மினா துறைக்கு எதிரே ரைன் துறைமுகக் குளத்தின் மறுகரையில் நீண்டிருக்கும் தீபகற்பம். மாலுமிகளின் பேட்டை. 1911 கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வரவழைக்கப்பட்ட சீன மாலுமிகள் இங்கே தங்க, ஐரோப்பாவின் பழைய சீனக் குடியிருப்புகளில் ஒன்று உருவானது. மதுக்கடையும் விலைமகளிர் விடுதியுமாக ஊரெல்லாம் பேர் கெட்ட இடம். 2012-இல் இரு கரைக்கும் நடைபாலம் போட்டபோது, அந்தப் பழைய பேரைக் குத்திக்காட்டித்தான் ஊர் மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

இங்கே 1922-இல் 360 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பல் சரக்குக் கிடங்கு கட்டினார்கள். பெயர் சான் பிரான்சிஸ்கோ. போரிலும் தீயிலும் பிளந்து, 1950-களில் இரண்டு கிடங்குகளாக மீண்டெழுந்ததால் ஃபெனிக்ஸ், அதாவது சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவை. அவற்றில் ஒன்றின்மேல்தான் மேய் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர்கள் 212 வீடுகளை ஏற்றினார்கள். பழைய கான்கிரீட் அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் கிடங்கின் உடலுக்குள் எஃகுக் கால்களைச் செருகி, கூரைக்குமேல் ஒரு மேசை போட்டு, மேசைமீது வீடுகளைக் கட்டினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

இந்தச் சிரமத்தால் கிடைத்தது, உயரமான, முரட்டுத்தனமான தரைத்தளம். சர்க்கஸ் பயிற்சியும் நடனக் குழுவும் அங்கே இருக்கின்றன. அந்தரத்தில் கயிறு கட்டி ஆட உயரம் வேண்டும். புதிதாகக் கட்டும் தரைத்தளத்தில் அவ்வளவு காலி உயரத்தை எந்தக் கட்டுநரும் விட்டுவைக்க மாட்டார், அதையும் ஒரு மாடியாக்கி விற்றுவிடுவார். பழைய கிடங்கில் அந்த உயரம் ஏற்கெனவே இருந்தது. சர்க்கஸ் கற்க வரும் பிள்ளைக்கு மாடியில் வீடு இருக்க வேண்டியதில்லை. என் இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு சேர்த்துப் பதில் சொல்வது இது ஒன்றுதான்.

ஆனால் மேலே ஏறியவை மலிவான வீடுகள் அல்ல. ராட்டர்டாமில் 2016 நவம்பர் 30 அன்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மலிவு வீடுகளின் எண்ணிக்கையில் 20,000 குறைத்து, வசதியானவர்களுக்கான வீடுகளைக் கூட்டும் மாநகராட்சித் திட்டம் பற்றியது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள், ஆனால் வாக்குப்பதிவு 30 விழுக்காட்டைத் தொடாததால் முடிவு செல்லாமல் போனது. அந்தச் சூழலில் வந்த வீடுகள் இவை. கிடங்கைக் காப்பாற்றியதாலேயே பேட்டை காப்பாற்றப்பட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. பழைய சுவரின் அழகே மேல்மாடியின் விலையைக் கூட்டும். இந்த விஷயத்தில் டி ராட்டர்டாம் ஒருவகையில் நேர்மையானது: யாரும் குடியிராத துறையில் எழுந்தது, யாருடைய தெருவையும் தன் விளம்பரத்துக்குக் கடன் வாங்கவில்லை.

நகரத்தின் அஞ்சலட்டைக்கு எது என்றால் டி ராட்டர்டாம். மழைநாளில் விருந்தாளியை அழைத்துப் போக மார்க்ட்ஹால். மாறிக்கொண்டிருக்கும் ஒரு பழைய பேட்டையில் அடுத்த கட்டடம் எழப்போகிறது, எதைப் பின்பற்றலாம் என்று கேட்டால், விலைக் குறையோடு சேர்த்தே ஃபெனிக்ஸைச் சொல்வேன், மேல்மாடியில் ஒரு பங்கு வீடுகளை மலிவு வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேள்வி ஏட்டளவில் இல்லை. இந்தக் கட்டடத்துக்கும் டி ராட்டர்டாமுக்கும் இடையே கிடக்கும் ரைன் துறைமுகக் குளத்தின் ஒரு பகுதியை மண்ணிட்டு நிரப்பி, பூங்காவும் வீடுகளும் அமைக்கும் வேலை அங்கே தொடங்கிவிட்டது.