வெளிநாட்டு மாலில் கார்டு கொடுக்கும் முன் மிஷின் திரையைப் பாருங்கள்

ஒரு செமஸ்டர் பாடம் நடத்த வருகைதரு பேராசிரியராக வெளிநாடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பல்கலைக்கழகம் கொடுத்த குடியிருப்புக்கு எதிரிலேயே பெரிய மால். தலையணை, மின்கெண்டி, பிளக் அடாப்டர் என்று எல்லாமே அங்கேதான் வாங்கினேன். இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை வராமல் இங்கே வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை, கணக்கு இல்லாமல் சம்பளமும் வராது. அதனால் முதல் ஐந்து வாரமும் சொந்த நாட்டு வங்கிக் கார்டை வைத்தே ஓட்டினேன். இப்படி வருகிற பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால் எழுதுகிறேன்.

மாலில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பிரிண்டர் வாங்கினேன். கார்டைச் செருகியதும் கவுண்டரில் இருந்தவர் மிஷினைத் தன் பக்கம் திருப்பி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, பின் நம்பர் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். போட்டேன். இரவு செலவுக் கணக்கு எழுதும்போதுதான் ரசீதை முழுதாகப் படித்தேன். உள்ளூர்ப் பணத்தில் ஒரு தொகை, கீழே என் நாட்டுப் பணத்தில் இன்னொரு தொகை, நடுவில் மாற்று விகிதம். அடியில் பொடி எழுத்தில், எந்த நாணயத்தில் கட்டுவது என்று என்னிடம் கேட்கப்பட்டதாகவும், நானே இதைத் தேர்ந்தெடுத்ததாகவும் ஒரு வாசகம். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். நம் கார்டு வெளிநாட்டுக் கார்டு என்று தெரிந்ததும், உள்ளூர்ப் பணத்திலா, உங்கள் நாட்டுப் பணத்திலா என்று மிஷின் கேட்கும். சொந்த நாட்டுப் பணம் என்றால் கணக்குப் பார்க்க வசதிதானே என்று தோன்றும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது கடைக்கு மிஷின் கொடுத்த நிறுவனம். அதில் அவர்கள் லாபத்தைச் சேர்த்துவிடுவார்கள், பெரும்பாலும் கடைக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு அன்றைய விகிதத்தைவிட 100க்கு 6 கூடுதலாகப் போயிருந்தது. என் வங்கி தன் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் தனியாகப் பிடித்துக்கொண்டது. எந்தப் பணத்தில் கட்டுவது என்பதை கார்டு வைத்திருப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்கூட. கடைக்காரர் நமக்காக அழுத்தவே கூடாது.

மறுநாள் ரசீதோடு போனேன். "சிஸ்டம் தானாகவே செய்வது சார், நீங்கள்தானே பின் நம்பர் போட்டீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தால், அதே மாலில் இன்னும் மூன்று கடைகளில் இதே கதை.

மாலின் நடைபாதையில் இருக்கும் ஏடிஎம்மும் இப்படித்தான். 'இந்த விகிதத்தை ஏற்கிறேன்' என்பது பெரிதாகப் பச்சையில் இருக்கும், 'மாற்ற வேண்டாம்' என்பது ஓரத்தில் மங்கலாக. வேண்டாம் என்றால் பணம் வராதோ என்று பயந்து ஒரு முறை பச்சையை அழுத்திவிட்டேன். வேண்டாம் என்று அழுத்தினாலும் அதே பணம் வரும், நம் வங்கியின் விகிதத்தில் கணக்காகும். அவ்வளவுதான்.

கடை ரசீதுகளை வைத்து வங்கியில் புகார் கொடுத்தேன். கேட்காமலே நாணயத்தை மாற்றிவிட்டார்கள் என்று தெளிவாக எழுதச் சொன்னார்கள். இரண்டு தொகைகள் திரும்பி வந்துவிட்டன, இரண்டு நிலுவையில் இருக்கின்றன. ஏடிஎம் பணத்துக்கு வழியில்லை, அழுத்தியது நான்தான். ஆகவே ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மிஷினைக் கையில் வாங்கி, உள்ளூர்ப் பணத்தை நீங்களே அழுத்துங்கள். தவறிப்போனால் கவுண்டரை விட்டு நகராமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

போன வாரம் சொந்த நாட்டுக் கார்டோடு அதே எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மை வாங்கப் போனபோது, மறுபடியும் மிஷினைத் திருப்பினார்கள். அங்கேயே நின்று ரத்து செய்யச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்தார்கள்.